மருதுகளுக்குக் கிரீடம் எதற்கு?

அக்டோபர் பிறந்துவிட்டால் மதுரையில் சுவர்களுக்கு ஓய்வு கிடையாது. விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய எந்த காம்பவுண்டு சுவரைப் பார்த்தாலும் போன வருஷத்துப் போஸ்டரின் மேல் இந்த வருஷத்துப் போஸ்டர். 24-ம் தேதி திருப்பத்தூர், 27-ம் தேதி காளையார்கோவில், 30-ம் தேதி பசும்பொன், நடுவில் தெப்பக்குளத்துச் சிலைக்கு மாலை. மருது சகோதரர்கள் இருக்கும் போஸ்டர்களில் அண்ணன் தம்பி இருவர் தலையிலும் கிரீடம் மின்னும். பின்னால் ஒரு சிங்காசனம். மேலே 'மாமன்னர்' என்று கொட்டை எழுத்து.

அந்தச் சுவருக்கு எதிரே உள்ள டீக்கடைகளில் வருஷா வருஷம் நடக்கும் பேச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அவுக ராசாவே இல்லயே தம்பி. சிவகங்கை அரண்மனையில வேலை பாத்தவுக. ராணி கையில இருந்து ஆட்சியைப் புடுங்கிக்கிட்டாங்க, அம்புட்டுத்தான்" என்பார் ஒரு பெரியவர்.

"அண்ணே, அப்படிப் பேசாதீக. அவுகதான் மன்னர். வேலைக்காரன்னு எழுதினது வெள்ளைக்காரன்" என்று பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு மல்லுக்கு நிற்பான் ஒரு இளைஞன்.

சில நேரம் இந்தப் பேச்சு டீக்கிளாஸோடு முடியும். சில நேரம் போஸ்டர் கிழிப்பு, கல்லெறி, போலீஸ் என்று நீளும். தென் மாவட்டங்களில் இதெல்லாம் புதிது இல்லை.

விஷயம் என்னவென்றால், இருவருமே ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். பெரியவர் 'மன்னர் இல்லை, ஆகவே மதிப்பில்லை' என்கிறார். இளைஞன் 'மதிப்பு உண்டு, ஆகவே மன்னர்' என்கிறான். இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: ஆள்வதற்குத் தகுதி ரத்தத்தில்தான் வரும், பட்டத்து வாரிசாகப் பிறக்காதவன் ஆண்டால் அது திருட்டு. இந்த லாஜிக்கை எழுத்தில் வடித்து, 1801-ல் ஊர் ஊராக ஒட்டியது யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கும்பெனி. மருதுகளைத் தூக்கில் போடுவதற்கு அது தயாரித்த காரணமே இதுதான். இன்றைக்கு மருதுகளுக்கு விழா எடுப்பவர்கள் அதே காரணத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு அதைத் தாண்டுவதற்காக ஒரு அட்டைக் கிரீடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடலாம்.

சிவகங்கை அப்படியொன்றும் பழைய ராஜ்ஜியம் அல்ல. ராமநாதபுரம் சேதுநாட்டில் வாரிசுச் சண்டை முற்றி, 1730 வாக்கில் நாடு ஐந்து பங்காகி, அதில் இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்குப் போனது. அதுதான் சிவகங்கைச் சீமை. அவருடைய மகன் முத்துவடுகநாதத் தேவர். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கப்பம் கட்டுவதில் தகராறு. நவாபுக்கோ கும்பெனியிடம் கழுத்து வரை கடன். கடன்காரன் தன் கடனை அடைக்கப் பாளையங்களைக் கசக்கினான். 1772 ஜூன் மாதம் நவாப் படையும் ஜோசப் ஸ்மித், பான்ஜோர் தலைமையில் கும்பெனிப் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கின. முத்துவடுகநாதர் அங்கேயே செத்தார். ராணி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குத் தப்பிப் போனார். சிவகங்கைக்கு நவாப் 'ஹுசைன் நகர்' என்று புதுப் பெயர் வைத்தார்.

ராணியோடு போனவர்களில் மூன்று பேர் முக்கியம். பழைய பிரதானி தாண்டவராய பிள்ளை, அரண்மனைச் சேவகத்தில் இருந்த நரிக்குடி மண்ணைச் சேர்ந்த அண்ணன் தம்பி பெரிய மருது, சின்ன மருது. 1772 டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு எழுதிய கடிதத்தில் 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டார். உதவி வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். எட்டு வருஷம் கழித்து, 1780-ல், ஹைதரின் உதவியோடும் உள்ளூர்ச் சனங்களின் பலத்தோடும் சிவகங்கை மீட்கப்பட்டது. வேலு நாச்சியார் ராணி. சின்ன மருது பிரதானி. பெரிய மருது படைத்தலைவர்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பூசி மெழுகத் தேவையில்லை. அதிகாரம் மெல்ல மெல்லப் பிரதானியின் கைக்குப் போனது. வரி, படை, கடிதப் போக்குவரத்து எல்லாம் சிறுவயலில் இருந்து நடந்தன. ராணிக்கும் மருதுகளுக்கும் மனக்கசப்பு முற்றி 1789-ல் வெளிப்படையாகவே வெடித்தது. ஸ்டூவர்ட் தலைமையில் கும்பெனிப் படை மறுபடி சீமைக்குள் வந்தது. சண்டை, காட்டுக்குள் பின்வாங்கல், திரும்பி வருதல், சமரசம். முடிவில் வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையாத் தேவர் அரசராக அமர்ந்தார். ஆட்சி மட்டும் மருதுகளிடமே இருந்தது. வேலு நாச்சியார் 1796-ல் காலமானார்.

எட்டு வருஷம் அகதியாக அலைந்து நாட்டை மீட்ட ஒரு பெண், பத்தே வருஷத்தில் தன் சொந்த பிரதானியால் ஓரங்கட்டப்பட்டார். இது கசப்பான உண்மை. மருது விழா மேடைகளில் இதைச் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். வேலு நாச்சியார் விழா மேடைகளில் இதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அரசன் பேரில், அரசனுக்குப் பதிலாக, வாளும் கருவூலமும் தன் கையில் வைத்துக்கொண்டு ஆள்கிறவனுக்கு ஆங்கிலத்தில் 'ரீஜண்ட்' என்று பெயர். அகராதிகள் இதற்குப் பகர ஆளுநர் என்றெல்லாம் வார்த்தை தருகின்றன, வாயில் நுழைவதில்லை. சிவகங்கையில் இதற்குப் புழங்கிய சொல் ஒன்றே ஒன்றுதான்: பிரதானி. சின்ன மருது அதுதான். அதற்கு மேலும் இல்லை, அதற்குக் கீழும் இல்லை.

1795-ல் சிறுவயலுக்குப் போய்ப் பழகிய ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி, சின்ன மருது எப்படி இருந்தார் என்று தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கறுப்பான, பருத்த உடம்பு, எல்லாரிடமும் இனிமையான பேச்சு. தலையசைத்தால் ஒரு சீமையே நடக்கும், ஆனால் வீட்டு வாசலில் ஒரு காவலாளி கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அண்ணன் பெரிய மருதுவுக்கு நிர்வாகத்தில் நாட்டமில்லை. எந்நேரமும் வேட்டை. கை விரல்களாலேயே ரூபாய் நாணயத்தை வளைக்கும் அளவுக்கு பலசாலி என்கிறார் வெல்ஷ்.

சரி. இப்படி அரசன் ஒருவன், ஆள்பவன் ஒருவன் என்று இருப்பது சிவகங்கையில் மட்டும் நடந்த அதிசயமா? அதே காலத்தில் கடல் தாண்டி எத்தியோப்பியாவில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அங்கே சாலமோன் வம்சத்தில் பிறந்தவன்தான் பேரரசனாக முடியும் என்பது எழுதாத சட்டம். அந்த வம்சத்து ராஜகுமாரர்கள் தொல்லை தரக்கூடாது என்று வெஹ்னி என்ற மலையில் அவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். கோண்டார் நகரில் ஆண்ட இயோவாஸ் என்ற இளம் பேரரசன், தன் அரண்மனைக் கோஷ்டிச் சண்டையைத் தீர்க்க வடக்கே திக்ரேயில் ஆண்டுகொண்டிருந்த ராஸ் மிக்கேல் செகுல் என்ற கிழட்டுப் படைத்தலைவனைக் கூப்பிட்டான். வந்தவன் 1769-ல் அந்தப் பேரரசனையே கொன்றான். ஆனால் தான் சிம்மாசனத்தில் ஏறவில்லை. ஏற முடியாது, ரத்தம் வேறு. மலையிலிருந்து ஒரு கை வெட்டப்பட்ட எழுபது வயதுக் கிழவரை இறக்கி இரண்டாம் யோகன்னஸ் என்று முடிசூட்டினான். அந்தக் கிழவர் சொன்னபடி கேட்கவில்லை, சில மாதங்களில் செத்துப்போனார். மிக்கேல் விஷம் வைத்ததாகத்தான் அடுத்த வருஷம் அங்கே போன ஜேம்ஸ் ப்ரூஸ் எழுதுகிறார். அடுத்து அவருடைய மகன், பதினைந்து வயதுப் பையன் தெக்லே ஹைமனோத். 1771-ல் போரில் தோற்று மிக்கேலின் ஆட்டம் முடிந்தது. ஆனால் அவன் காட்டிய வழி முடியவில்லை. அதற்குப் பிறகு 80 வருஷம் எத்தியோப்பியாவில் பேரரசன் என்பவன் பொம்மை. எஜ்ஜு குடும்பத்து ராஸ்கள் பரம்பரை பரம்பரையாக 'ரீஜண்ட்' வேலை பார்த்தார்கள். தெக்லே கியோர்கிஸ் என்ற பேரரசனை ஆறு தடவை சிம்மாசனத்தில் ஏற்றி ஆறு தடவை இறக்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்குக்கூட அதைவிட மரியாதை உண்டு.

கடைசியில் காஸா என்ற ஒரு எல்லைப்புறத்து வீரன் 1853-ல் கடைசி எஜ்ஜு ரீஜண்ட் இரண்டாம் ராஸ் அலியைத் தோற்கடித்தான். 1855-ல் தெவோத்ரோஸ் என்ற பெயரில் முடிசூட்டிக்கொண்டான். தன் வாளால் ஜெயித்தவன், 'ஜெயித்தேன், ஆள்கிறேன்' என்று சொல்லவில்லை. தானும் சாலமோன் வம்சம்தான் என்று ஒரு வம்சாவளியை எடுத்து நீட்டினான்! விளாங்குடிச் சுவர்ப் போஸ்டரில் மருதுகளுக்கு இன்று செய்யப்படுவதை, அவன் தனக்குத்தானே செய்துகொண்டான்.

எத்தியோப்பியா எதற்கு என்றால், இரண்டு காரணம். ஒன்று, ஒரு பெரிய அரசு உடையும் போதெல்லாம் இந்த ஏற்பாடு தானாகவே முளைக்கிறது. பழைய பெயருக்கு மதிப்பு இருக்கும், பலம் இருக்காது. புது ஆளுக்குப் பலம் இருக்கும், பெயர் இருக்காது. இரண்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். 18-ம் நூற்றாண்டு இந்தியா முழுக்கவே அப்படித்தான் நடந்தது. சத்ரபதியின் பேரில் பேஷ்வா ஆண்டார். மைசூரில் உடையார் பேரில் ஹைதர் அலி ஆண்டார், சாகும் வரை ராஜா பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை. மதுரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1689-லிருந்து சுமார் பதினேழு வருஷம் பேரன் விஜயரங்க சொக்கநாதன் பேரில் மங்கம்மாள் ஆண்டார். அவர் போட்ட சாலைக்கும் சத்திரத்துக்கும் இன்றும் பெயர் இருக்கிறது, பேரனின் பெயரை யார் நினைக்கிறார்கள்? விளாங்குடியிலிருந்து வைகையைத் தாண்டினால் சம்மட்டிபுரம். அங்கே அடக்கமாகியிருக்கும் கான் சாகிப், அதாவது மருதநாயகம் என்று சினிமா புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்த யூசுப் கான், நவாபின் பேரில்தான் மதுரையை ஆண்டார். நவாபை மீறித் தன் பேரில் ஆளத் துணிந்ததும் 1764 அக்டோபர் 15-ல் தூக்கு.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. அரசன் பேரில் ஆண்டவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. மிக்கேல் செகுல் தன்னைக் கூப்பிட்ட அரசனைக் கொன்றான், அடுத்தவன் சாவுக்கும் அவன்தான் காரணம் என்ற பழி நின்றது, மூன்றாவதாக ஒரு பையனைப் பிடித்து உட்கார வைத்தான். மருதுகள் கையில் அதே பலம் இருந்தது. நாட்டை ஓட்டிய இருபது வருஷத்தில் ராணியின் மேல் கை வைக்கவில்லை. வேங்கன் பெரிய உடையாத் தேவரை இறக்கிவிட்டுத் தாங்கள் ஏறவில்லை. ஓரங்கட்டினார்கள், உண்மை. எதிர்த்துப் பட்டம் கேட்ட படமாத்தூர் கௌரிவல்லபரை நெருக்கினார்கள், அதுவும் உண்மை. ஆனால் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம். விசுவாசம் என்று சிலர், சாமர்த்தியம் என்று சிலர். எதுவானாலும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தொடாத கிரீடத்தை இன்றைக்கு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடும் பையன் இரண்டு கிளிக்கில் வைத்துவிடுகிறான்.

இப்போது கும்பெனியின் யோக்கியதைக்கு வருவோம்.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே 24-ல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி விழுந்தது. அவர் சிறுவயலுக்கு வந்தார், மருதுகள் அடைக்கலம் கொடுத்தார்கள். கும்பெனி அவரைக் கேட்டது, இவர்கள் தரவில்லை. போர். ஜூலையில் கர்னல் அக்னியூ ஒரு அறிவிப்பு வெளியிட்டார். அதன் சாரம்: மருதுகள் சிவகங்கை அரச குடும்பத்தின் வேலைக்காரர்கள், ஆட்சிக்கு அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை, உண்மையான வாரிசுக்கு உரியதை மீட்டுத்தரவே கும்பெனி வந்திருக்கிறது. செப்டம்பரில் படமாத்தூர் கௌரிவல்லபப் பெரிய உடையாத் தேவரைச் சோழபுரத்தில் வைத்துச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்தார்கள். போர் நடுவில் சனங்களைப் பிரிக்க எவ்வளவு கச்சிதமான ஆயுதம்! பலித்தும் விட்டது.

ஐயா, கும்பெனிக்கு வாரிசுரிமை மேல் அவ்வளவு பக்தியா?

அதே ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். 15-ம் தேதி ஆற்காட்டு நவாப் உம்தத்துல் உமரா இறந்தார். அவருக்கு மகன் இருந்தார், அலி உசேன். கும்பெனி நீட்டிய நிபந்தனைக்கு அவர் ஒப்பவில்லை. உடனே மகனைத் தள்ளிவிட்டு, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய அஸீமுத் தௌலாவை நவாபாக்கி, 31-ம் தேதி கர்நாடகம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது. ஒரே மாதம். சிவகங்கையில் 'வாரிசுக்கு நியாயம்', சென்னையில் வாரிசுக்குக் கல்தா.

இரண்டு வருஷம் முன்னால் போங்கள். 1799-ல் திப்பு விழுந்ததும் மைசூரில் ஐந்து வயது கிருஷ்ணராஜ உடையாரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்து, திவான் பூர்ணய்யாவை ஆளச் சொன்னது யார்? இதே கும்பெனி. பூர்ணய்யா 1811 வரை அரசன் பேரில் ஆண்டார். திப்புவின் கீழ் வேலை பார்த்தவர்தான் அவர். அவரை எந்தக் கர்னலும் 'வேலைக்காரன் ஆட்சியைப் பறித்தான்' என்று எழுதவில்லை. கப்பம் ஒழுங்காக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கும்பெனியே யார்? 1765-ல் ஷா ஆலம் பாதுஷாவிடம் வங்காளத்துத் திவான் உத்தியோகம் வாங்கிக்கொண்டு, அவர் பேரில் வரி வசூலித்த கணக்குப்பிள்ளை. 1792 ஒப்பந்தப்படி தென்னாட்டுப் பாளையங்களில் கப்பம் வசூலித்ததும் நவாபின் பேரில்தான். அது அடித்த ரூபாயில் 1835 வரைக்கும் மொகலாயப் பாதுஷாக்களின் பெயர்தான் இருந்தது. இந்தத் துணைக்கண்டத்திலேயே எஜமானின் பெயரைச் சொல்லி ஆட்சியைப் பறித்த மிகப் பெரிய வேலைக்காரன், சிவகங்கைப் பிரதானியைப் பார்த்து 'நீ வேலைக்காரன்' என்றான்.

இன்னும் ஒரு சங்கதி உண்டு. டீக்கடைப் பேச்சில் பெரியவரும் சொல்வதில்லை, இளைஞனும் சொல்வதில்லை. மருதுகள் அரசனிடமிருந்து ஆட்சியைப் பறித்த குற்றவாளிகள் என்றால், அந்த அரசனுக்குக் கும்பெனி என்ன செய்திருக்க வேண்டும்? விடுதலை செய்து சிம்மாசனத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். வேங்கன் பெரிய உடையாத் தேவரைக் கும்பெனி பிடித்தது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 70-க்கும் மேற்பட்டவர்களோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தியது. அங்கிருந்து சுமத்திராவின் பென்கூலனுக்குக் கொண்டு போனார்கள், அந்த வருஷமே அவர் அங்கே இறந்தார். வேலு நாச்சியாரின் மருமகன், சிம்மாசனத்தில் பத்து வருஷத்துக்கும் மேல் இருந்தவர், தன்னிடமிருந்து ஆட்சியைப் பறித்ததாகச் சொல்லப்பட்டவர்களின் கூட்டாளி என்று தண்டிக்கப்பட்டார். இந்த ஒரு தகவல் போதும், அக்னியூவின் அறிவிப்பை மடித்துக் குப்பையில் போட. மாமன்னர் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இந்தத் தகவலைத்தான் கையில் எடுத்திருக்க வேண்டும். எடுக்க முடியாது. எடுத்தால், அப்போது மன்னர் வேறொருவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

கும்பெனி கண்டெடுத்த 'உண்மையான வாரிசு' கதை என்ன ஆனது என்று கேட்டால் அது இன்னொரு கூத்து. கௌரிவல்லபர் அரசர் அல்ல, ஜமீன்தார். வாளைப் பிடுங்கிக்கொண்டு பேஷ்குஷ் ரசீதைக் கொடுத்தார்கள். அவர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சொத்து அண்ணன் மகன்களுக்கா, மனைவி மகள்களுக்கா என்று வழக்கு தொடங்கியது. ஜில்லா கோர்ட், சதர் கோர்ட், லண்டன் பிரிவி கவுன்சில் என்று 34 வருஷம் ஓடி, 1863-ல் மகள் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. சட்டக் கல்லூரியில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ரத்தத்தை வைத்து உரிமையை நிரூபிக்கப் போனால் வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம் என்பதற்கு சிவகங்கையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, இவ்வளவு பேசுகிறோமே, சம்பந்தப்பட்டவர் தன்னைப் பற்றி என்ன சொன்னார்?

1801 ஜூன் 16-ம் தேதியிட்ட ஒரு பிரகடனம் திருச்சி கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்பார்கள். தமிழில் எழுதி ஒட்டப்பட்டது, கும்பெனிக்காரர்கள் மொழிபெயர்த்து வைத்ததால் பிழைத்தது. பார்ப்பனர் முதல் முஸ்லிம்கள் வரை எல்லாச் சாதி, எல்லா இன மக்களையும் விளித்துப் பேசுகிறது அது. ஐரோப்பியரை இந்த மண்ணில் நுழையவிட்டு ஏமாந்தது நவாபின் முட்டாள்தனம், அவர்களுக்கு நன்றி என்பதே கிடையாது, ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் ஆயுதம் எடுக்க வேண்டும் என்கிறது. வெள்ளையர் போனபின் அந்தந்த நாடு அதற்கு உரிய பழைய ஆட்சியாளர்களிடமே திரும்ப வேண்டும் என்கிறது. தனக்கு இன்னது வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. கடைசியில் கையெழுத்து. மருது பாண்டியன் என்ற பெயர். அதோடு தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்? பேரரசர்களின் ஊழியன் என்று. ஐரோப்பியருக்குத் தீராத பகைவன் என்று.

'பாண்டியன் என்று போட்டிருக்கிறாரே, அது மன்னர் பெயர்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணை அரை இன்ச் தள்ளி அடுத்த வார்த்தையையும் படிக்கலாமே. ஊழியன். எந்த வார்த்தையைக் கும்பெனி வசவாக எறிந்ததோ, அந்த வார்த்தையை அதற்கு மூன்று வாரம் முன்பே அவர் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பட்டமாக எழுதியிருக்கிறார். அதை அழித்துவிட்டு மாமன்னர் என்று திருத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? எந்தச் சங்கத்துக்கு?

மன்னர் என்று ஆக்கியதில் இழந்தது கொஞ்சமா? ஒரு மன்னன் சண்டை போட்டால் அது தன் நாட்டுக்காக, தன் பிள்ளைக்காக என்று முடிந்துவிடும். இவர்கள் சண்டை போட்டது தங்களுடையதல்லாத சிம்மாசனத்தின் பேரில், தங்கள் ஊர்க்காரர் அல்லாத ஊமைத்துரைக்காக. அவரைப் பிடித்துக் கொடுத்திருந்தால் பூர்ணய்யா மாதிரி நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். பக்கத்திலேயே புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பெனிக்கு உதவி செய்து 1948 வரைக்கும் சமஸ்தானமாகவே இருந்தார்கள், அவர்கள் அசல் மன்னர்கள். கிரீடம்தான் அளவுகோல் என்றால் போஸ்டர் அவர்களுக்கு அல்லவா ஒட்ட வேண்டும்?

இன்னொரு நஷ்டமும் உண்டு. மன்னர் என்றால் வம்சம் வேண்டும். வம்சம் என்றால் சாதி வேண்டும். 'எங்கள் ரத்தம்' என்று ஒருவர் சொல்ல, 'அந்த ரத்தம் எங்கள் வீட்டில் வேலை பார்த்தது' என்று இன்னொருவர் சொல்ல, விளாங்குடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த இரண்டு பையன்கள் அக்டோபர் மாதம் மட்டும் முகம் பார்க்காமல் போகிறார்கள். பிரகடனத்தில் எல்லாச் சாதியையும் கூப்பிட்ட ஆளின் பெயரால் இது நடக்கிறது.

சினிமாவையும் விட்டுவைக்க வேண்டாம். 1959 மே மாதம் வீரபாண்டிய கட்டபொம்மனும், கண்ணதாசன் தயாரித்த சிவகங்கைச் சீமையும் சில நாள் இடைவெளியில் வந்தன. கட்டபொம்மன் பிய்த்துக்கொண்டு ஓடியது. சிவாஜியின் கர்ஜனை ஒரு காரணம். ராஜ தர்பாரில் வசனம் பேசும் அரசனைத்தான் தமிழ்நாட்டுக்குப் பிடிக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வாசலில் காவலாளி இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிரதானிக்குப் பன்ச் டயலாக் எழுதுவது கஷ்டம்தான்.

1801 அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. மருதுகள் கட்டிய பெரிய கோபுரம் மட்டும் இன்றும் பத்திரமாக நிற்கிறது. சில வாரங்களில் இருவரும் பிடிபட்டார்கள். சின்ன மருதுவுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. அக்டோபர் 24, திருப்பத்தூரில் தூக்கு. குடும்பத்து ஆண்கள் அநேகமாக எல்லாரையும் முடித்தார்கள். சின்ன மருதுவின் மகன்களில் துரைச்சாமிக்கு வயது பதினைந்து என்பதால் உயிரை விட்டுவைத்துப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.

வளரி வீசக் கற்றுக்கொண்ட வெல்ஷ், அந்தப் படையெடுப்பில் கும்பெனிப் பக்கம் இருந்தார். 1818-ல் அவர் பினாங்குக்குப் போனார். தளர்ந்து கூனிய ஒரு கிழவன் அவரைப் பார்க்க வந்தான். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. நீ யார் என்று கேட்டார். துரைச்சாமி என்றான். அப்போது அவனுக்கு வயது சுமார் முப்பத்திரண்டு. ஊரில் மிச்சமிருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கடிதம் கொண்டு போக முடியுமா என்று கேட்டான். கைதிகளிடமிருந்து கடிதம் வாங்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. வெல்ஷ் வாங்கவில்லை.